லாக் உடைந்த சென்சார் கப்ளர்: கட்டி ஓட்டலாமா, கூடு மாற்றலாமா, வயரை வெட்டலாமா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏதோ ஒரு வேலைக்காக இன்ஜின் சென்சாரைக் கழற்றப் போகிறோம். கப்ளரின் (வயரை சென்சாரோடு இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) லாக்கை விரலால் அழுத்தியதும் டக்கென்று உடைந்து, பிளாஸ்டிக் துண்டு இன்ஜினுக்கு அடியில் எங்கோ விழுந்துவிடுகிறது. கை வைத்தவர் மேல் குற்றமில்லை. நைலானும் பிபிடி பிளாஸ்டிக்கும் இருபது முப்பது வருடம் இன்ஜின் சூட்டிலேயே கிடந்தால் வளையும் தன்மையை இழந்து மொறுமொறுவென்று ஆகிவிடும். ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் மோசம். பானெட் தாழ்வு, அதற்குள் பெரிய இன்ஜின், கைக்கெட்டும் தூரத்தில் எக்ஸாஸ்ட். டர்போவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டியை நிறுத்தியதும் காற்றோட்டமும் நின்றுபோவதால் பானெட்டுக்குள் சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். கப்ளர்களை அதுவும் வாட்டும்.

உடைந்த கப்ளரை என்ன செய்வது என்பதற்கு ஐந்தாறு வழி உண்டு. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் உலோகப் பின்னும் வயரும் நன்றாக இருந்தால் பிளாஸ்டிக் கூட்டை மட்டும் மாற்றுங்கள். கம்பெனியில் அடித்த கிரிம்பை, அதாவது பின்னை வயரின் முனையில் நசுக்கிப் பிடிக்க வைத்த இணைப்பை, தொடாதீர்கள். வயரை வெட்டி ஒட்டுவதை அடுத்த தேர்வாகத்தான் வைத்திருக்கிறேன். பலரும் நேரே வெட்டும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், ரெடிமேடாக வயரோடு வரும் கப்ளர் எளிதில் கிடைப்பதால். அந்த அவசரம் வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

உடைந்தது எது என்று பாருங்கள்

லாக் உடைந்ததும் இணைப்பே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் போவது உள்ளே இருக்கும் உலோக பின் வழியாக. குழிபோல இருக்கும் பெண் பின்னின் ஸ்பிரிங் அழுத்தம்தான் அதற்குள் நுழையும் ஆண் பின்னைப் பிடித்துக்கொள்கிறது. லாக் இல்லாவிட்டாலும் கப்ளர் செருகிய இடத்திலேயே நிற்கும், இன்ஜினும் ஓடும். லாக்கின் வேலை வேறு: இன்ஜின் அதிர்வில் கப்ளர் மயிரிழை அளவுகூட அசையாமல் பார்த்துக்கொள்வது. அசைந்தால் பின்னின் மேலிருக்கும் வெள்ளீயப் பூச்சு ஒன்றோடொன்று உரசி, உரசிய இடத்தில் ஆக்சைடு படியும். அது மறுபடி உரசும், மறுபடி படியும். கடைசியில் நடுவே ஒரு கருப்புப் புள்ளி நிற்கும், மின்தடை ஏறும். இதற்குச் சில வாரமோ சில மாதமோ ஆகும். அதனால்தான் லாக் உடைந்தவுடன் வராத கோளாறு பின்னால் வருகிறது: சூடானால் மட்டும் மிஸ்ஸிங், பள்ளத்தில் இறங்கினால் மட்டும் வெட்டு, மறுநாள் காலையில் ஒன்றுமே இல்லை. கண்டுபிடிக்க மிகக் கடினமான கோளாறு இந்த லூஸ் கான்டாக்ட்தான்.

ஆகவே கப்ளரைக் கையில் வைத்து நல்ல வெளிச்சத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பின்னின் நிறம். வெள்ளீயத்தின் மங்கலான பளபளப்பு இருந்தால் நல்லது. பச்சை பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இரண்டாவது, பிடிமானம். அதே அளவில் தனியான ஆண் பின் ஒன்றை பெண் பின்னுக்குள் விட்டு இழுங்கள். இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மல்டிமீட்டரின் கூர்முனையை பெண் பின்னுக்குள் நுழைத்துப் பார்ப்பவர்கள் தாங்களே அதை விரித்துக் கெடுக்கிறார்கள். அளப்பதானால் பின்பக்கமாக, வயர் நுழையும் வழியே மெல்லிய ஊசியை விட்டு அளப்பதுதான் முறை. மூன்றாவது, வயர். கப்ளரை ஒட்டிய இரண்டு அங்குலத்தில்தான் வயர் அதிகம் கெடும். லேசாக வளைத்தால் உறை வெடிக்கிறதா, உள்ளே செம்பு கருத்திருக்கிறதா என்று பாருங்கள். உறை வெடித்தால் கூடு மாற்றிப் பயனில்லை.

எந்த சென்சார் என்பதும் முக்கியம்

ஒரே மாதிரி கப்ளராக இருந்தாலும் எல்லா சென்சாரும் ஒரே அளவு பொறுத்துப்போகாது. கூலன்ட் வெப்ப சென்சார் ரொம்பப் பொறுமைசாலி. பழைய பாஷ் சென்சார்கள் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். இணைப்பில் இரண்டு மூன்று ஓம் கூடினால் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கண்டுகொள்ளாது. இணைப்பு முழுதாக அறுந்தால் கதை வேறு. ஈசியு அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றும், அல்லது தானே ஒரு மாற்று மதிப்பை வைத்துக்கொண்டு ஓட்டும்.

கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் அப்படியல்ல. காந்தச் சுருள் வகை சென்சார் தானே மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழற்றும் நேரத்தில் அது மிகச் சிறியதாக இருக்கும். இணைப்பு கொஞ்சம் மோசமானாலும் அந்தச் சமயத்தில் சிக்னல் ஈசியுவுக்குப் போய்ச் சேராது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. இரண்டு வயரை இடம் மாற்றிப் போட்டால் அலை தலைகீழாகி இக்னிஷன் டைமிங்கே தப்பும். இந்த வயர்களைச் சுற்றிக் கவச வலையும் இருக்கும். பெரும்பாலும் அது ஒரு முனையில் மட்டும்தான் எர்த்தோடு சேர்ந்திருக்கும். ரிப்பேரில் அதை அறுத்துவிடுவதும் தவறு, சென்சார் பக்கமும் எர்த் கொடுத்துவிடுவதும் தவறு. இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சாருக்கும் இது பொருந்தும். த்ராட்டில் பொசிஷன் சென்சார், காற்றளவு சென்சார் போன்றவற்றில் எர்த் பின் மோசமானால் சிக்னல் முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஈசியுவில் கோளாறு கோட் எதுவும் வராது, வண்டி மட்டும் சரியாக ஓடாது.

ஆக்சிஜன் சென்சாரைத் தனியாகவே சொல்ல வேண்டும். அதன் சிக்னல் ஒரு வோல்ட்டுக்குள்தான். பல மாடல்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை அது வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே இழுத்துக்கொள்கிறது. சென்சார் பக்க வயரைச் சால்டர் செய்தால் அந்த வழி அடைபடும். அந்தக் கப்ளருக்குள் கிரீஸ், கான்டாக்ட் கிளீனர் எதுவும் போடக்கூடாது. இங்கே கூடு மாற்றுவது, இல்லையென்றால் கிரிம்ப் செய்வது, இந்த இரண்டுதான் வழி.

கேபிள் டை போட்டுக் கட்டுவது

வீடு போய்ச் சேரவும், புதுக் கூடு தபாலில் வரும்வரை ஓட்டவும் இது நியாயமான வழி. சரியாகக் கட்டினால் சில மாதம்கூட தாங்கும். கட்டு கப்ளரை சென்சாரை நோக்கி நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் பின் கோணலாகி, லாக் இல்லாததைவிடப் பெரிய கெடுதல் வரும். சாதாரண நைலான் டை தொடர்ந்து தாங்குவது சுமார் 85 டிகிரி வரைதான். எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதுவும் கப்ளர் போன வழியே போகும். சூடு தாங்கும் ரகம் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பசை போட்டு ஒட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். சூப்பர் குளூ சூட்டில் உடையும். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் பசை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது செம்பை அரிக்கும். அடுத்த முறை சென்சாரைக் கழற்றவும் முடியாது.

கூடு மட்டும் மாற்றுவது

உள்ளதிலேயே நல்ல வழி இதுதான். வயரின் நீளம் குறையாது, புதிதாக ஒட்டு எதுவும் சேராது, வயரின் நிறம் அப்படியே இருக்கும், பின்னால் வருபவருக்குக் குழப்பமும் இருக்காது. கம்பெனியில் மெஷின் அடித்த கிரிம்பின் தரத்தை நாம் பானெட்டுக்குள் குனிந்துகொண்டு எட்டிப்பிடிப்பது கடினம். அது நன்றாக இருக்கும்போது ஏன் வெட்ட வேண்டும்?

எல்லாம் சரியான கூடு கிடைப்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய வண்டிகளில் 1970களிலிருந்து 1990கள் வரை பாஷ் எரிபொருள் அமைப்போடு வந்த, வளைந்த கம்பி கிளிப் போட்ட கப்ளர்களுக்குக் கவலையே இல்லை. 2.8 மி.மீ. அகலப் பின் போட்ட அந்தக் கூடு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. போர்ஷே 944 போன்ற வண்டிகளுக்கு இது பெரிய வரம். ஜப்பானிய வண்டிகளில் சுமிட்டோமோ, யசாகி கப்ளர்கள் அதிகம். அவற்றுக்கும் கூடு கிடைக்கும், ஆனால் அளவெடுத்து வாங்க வேண்டும். பின்களின் எண்ணிக்கை ஒத்துப்போனால் போதாது. பின்னின் அகலம், உள்ளே இருக்கும் வழிகாட்டி வரம்பின் இடம், லாக்கின் பக்கம் மூன்றும் பொருந்த வேண்டும். கூட்டில் பொறித்திருக்கும் எண்ணை டார்ச் அடித்துப் படித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். எந்த ஓட்டையில் எந்த நிற வயர், கோடு எந்த நிறம் என்று தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். அழுக்கேறிய வயரின் நிறம் போட்டோவில் ஏமாற்றும். பேட்டரியைக் கழற்றுங்கள். கப்ளரின் முகத்திலோ பக்கத்திலோ பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். அது இரண்டாம் லாக். அதைத் தளர்த்தாமல் பின் வராது. அதன்பின் வயரைப் பின்னாலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்தில் பின்னைப் பிடித்திருக்கும் மெல்லிய நாக்கை ஊசியால் தூக்க வேண்டும். நாக்கு விட்டுவிட்டால் பின் தானாக நழுவி வரும். பலமாக இழுக்க வேண்டியிருந்தால் நாக்கு இன்னும் விடவில்லை என்று அர்த்தம், நிறுத்துங்கள்.

பலரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. பழைய கூடு எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது. வராத பின்னோடு போராடாமல், கூட்டின் ஓரத்தை கட்டிங் பிளேயரால் கொஞ்சம் கொஞ்சமாக நொறுக்கி எடுத்துவிடலாம். மொறுமொறுத்த பிளாஸ்டிக் எளிதில் உடையும். பின் கீறல் படாமல் வெளியே வரும். பின்னிலேயே உலோக நாக்கு இருக்கும் ரகமானால், புதுக் கூட்டில் செருகுவதற்கு முன் அந்த நாக்கை லேசாக வெளியே வளைத்துவிட வேண்டும். செருகியதும் க்ளிக் சத்தம் கேட்கும். ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு இரண்டாம் லாக்கை அழுத்துங்கள்.

இந்த வழிக்கு ஒரு தடை உண்டு. சில கப்ளர்களில் ஒவ்வொரு வயருக்கும் தனித்தனி ரப்பர் சீல் இருக்கும். அந்த சீல் பின்னோடு சேர்த்தே கிரிம்ப் செய்யப்பட்டிருக்கும். அது கல்லாகிப்போயிருந்தால் பின்னை வெட்டாமல் மாற்ற முடியாது. அப்போது புதுப் பின், புது சீல், புதுக் கூடு மூன்றும் போட வேண்டும். சரியான கிரிம்ப் பிளேயர் கையில் இருப்பவருக்கு இதுவும் அருமையான வழிதான். பின்னின் முன்சிறகு செம்பு இழையையும், பின்சிறகு உறையையும் அல்லது சீலையும் பிடிக்க வேண்டும். நாலைந்து பின்களை வேறு வயரில் அடித்துப் பழகிவிட்டு வண்டியில் கை வையுங்கள். தங்கப் பூச்சுப் பின் இருந்த இடத்தில் தங்கப் பூச்சுதான் போட வேண்டும். தங்கமும் வெள்ளீயமும் உரசினால் சீக்கிரம் கெடும்.

வயரோடு வரும் கப்ளரை ஒட்டுவது

பின் பச்சை பூத்திருந்தாலோ, வயரின் உறை வெடித்திருந்தாலோ, கூடு தனியாகக் கிடைக்காவிட்டாலோ இதுதான் வழி. கெட்டுப்போன இரண்டு அங்குல வயரையும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, நல்ல செம்பு வரும் இடத்தில் ஒட்டலாம் என்பது இதன் பெரிய பலம்.

தரம்தான் சிக்கல். மலிவான கப்ளர்களில் வயர் மெல்லியதாக, சூடு தாங்காத பிவிசி உறையோடு இருக்கும். வாங்கும்போது குறுக்குப் பிணைப்பு பாலிஎத்திலீன் உறை போட்ட, 125 டிகிரி தாங்கும் வயர்தானா என்று பாருங்கள். சென்சார் வயரின் குறுக்குப் பரப்பு பெரும்பாலும் 0.5 சதுர மி.மீ. அளவிலேயே இருக்கும். புதுக் கப்ளரின் வயர் நிறம் நம் வண்டியோடு ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். எந்த ஓட்டைக்கு எந்த வயர் என்பதை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே ஒட்டுங்கள்.

சால்டரா கிரிம்பா என்ற சண்டை எப்போதும் உண்டு. நான் கிரிம்ப் பக்கம். சால்டர் உருகும்போது செம்பு இழைகளுக்குள் ஏறி, வயரின் ஒரு பகுதியை விறைத்த கம்பியாக்கிவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு முழுவதும் விழுந்து, அங்கேதான் இழை அறும். நன்றாகச் சால்டர் செய்து, இரு பக்கமும் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு, ஆடாமல் கட்டி வைத்த ஒட்டுகள் வருடக்கணக்கில் நிற்பதும் உண்மைதான். ஆனால் எட்டாத இடத்தில், தலைகீழாகக் கை நுழைத்துச் செய்யும் சால்டர் அந்தத் தரத்துக்கு வராது. கிரிம்ப் வரும். கடையில் கிடைக்கும் சிவப்பு பட் கனெக்டர் (இரு வயர் முனைகளைச் சேர்த்து நசுக்கும் உறை போட்ட குழல்) 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரையான வயருக்கு ஆனது. அதைவிட மெல்லிய வயர் அதில் நிற்காது. உறையில்லாத சின்ன கிரிம்ப், அதன்மேல் பசை பூசிய ஸ்லீவ், இதுதான் சரியான ஜோடி. சால்டர் உள்ளேயே வைத்து வரும் ஊடுருவித் தெரியும் ஸ்லீவ்கள் பார்க்க அழகு. ஆனால் அதில் உள்ள சால்டர் பெரும்பாலும் 138 டிகிரியிலேயே உருகும் ரகம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் வரக்கூடாது. ஒரு வயரை இங்கே, அடுத்ததைச் சற்றுத் தள்ளி வெட்டுங்கள். கப்ளரிலிருந்தும் மற்ற ஒட்டிலிருந்தும் குறைந்தது 40 மி.மீ. தள்ளி வைத்தால் வளையும் இடத்தில் ஒட்டு வராது. கிரிம்ப் அடித்ததும் ஒவ்வொன்றையும் நன்றாக இழுத்துப் பாருங்கள். வரவேண்டியது இப்போதே வந்துவிடட்டும்.

பழைய வண்டியிலிருந்து எடுத்த கப்ளர்

இதற்கு நான் அதிக மதிப்பு தரமாட்டேன். அந்தப் பிளாஸ்டிக்குக்கும் நம் பிளாஸ்டிக்குக்கும் ஒரே வயது. புதிதாக எங்குமே கிடைக்காத கூடு என்றால் மட்டும் தேடலாம். அதிலும் இன்ஜின் மேலிருந்து எடுக்காமல், சூடு குறைந்த இடத்தில் இருந்த அதே வகைக் கப்ளரை எடுங்கள், நீளமான வயரோடு.

வேறு வகைக் கப்ளருக்கு மாறுவது

ரேஸ் வண்டிகளில் இருக்கும் டாய்ட்ச் டிடி போன்ற சீல் வைத்த கப்ளருக்கு மாறிவிடலாமே என்று தோன்றும். தண்ணீருக்கும் அதிர்வுக்கும் அது அசையாது. ஆனால் எந்த சென்சாரில் இது நடக்கும் என்று பார்க்க வேண்டும். சென்சாரிலிருந்து வால் போல வயர் நீண்டு வந்து நுனியில் கப்ளர் இருந்தால் இரு பக்கமும் வெட்டி மாற்றலாம். பல கிராங்க் சென்சார்கள் இப்படித்தான். கூலன்ட் சென்சார் போல, சாக்கெட் சென்சாரின் உடம்போடு வார்க்கப்பட்டிருந்தால் மாற்றவே வழியில்லை. மாற்றினாலும், நாளைக்கு வாங்கும் புது சென்சார் நேரே செருகாது. அதன் வாலையும் வெட்ட வேண்டும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு இது கடைசித் தேர்வு.

ஹார்னெஸையே மாற்றுவது

ஒரு கப்ளருக்காக ஹார்னெஸ் (இன்ஜினின் வயர்கள் எல்லாம் சேர்ந்த கட்டு) மாற்றுவது அநியாயச் செலவு. ஆனால் தொட்ட கப்ளரெல்லாம் உடைந்து, வயரின் உறையும் பொடிப்பொடியாக உதிர்ந்தால், ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. 1990களின் முற்பாதியில் வந்த சில மெர்சிடிஸ் இன்ஜின் ஹார்னெஸ்கள் இதற்குப் பேர்போனவை; உறையே உதிர்ந்து வயர்கள் தங்களுக்குள் ஷார்ட் ஆகும். இப்படிப்பட்ட வண்டியில் கப்ளர் ரிப்பேர் பேச்சே வேண்டாம்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. சில சென்சார்களுக்குச் சின்னத் துணை ஹார்னெஸ் இருக்கும். நிசான் 300 ஸெட்எக்ஸின் (ஸெட்32) நாக் சென்சார் வி6 இன்ஜினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கிடக்கிறது. அங்கே போய்ச்சேரவே பெரிய வேலை. அவ்வளவு கழற்றியபின் பழைய வயரில் ஒட்டுப் போட்டு மூடுவது சரியல்ல. துணை ஹார்னெஸும் சென்சாரும் புதிதாகவே போடுங்கள். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இல் (1989–1997) ஈசியுவுக்கான கூலன்ட் சென்சார் சிலிண்டர் ஹெட்டின் பின்னால், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி இருக்கிறது. கை நுழையும், கண் நுழையாது. இப்படிப்பட்ட இடத்தில் கேபிள் டையை நம்பவே கூடாது.

போர்ஷே 944இல் கிராங்குக்கான இரண்டு சென்சார்களும் இன்ஜினின் பின்னால் பக்கத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், கப்ளர்களும் ஒரே மாதிரி. இடம் மாறிச் செருகினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கூடு மாற்றும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பழைய கூட்டில் அடையாள டேப் ஏதாவது இருந்தால் அதையும் புதிதில் ஒட்டுங்கள்.

எந்த வழியில் போனாலும், முடித்தபின் கப்ளருக்குச் சற்றுத் தள்ளி வயரை ஒரு பிராக்கெட்டோடு கட்டிவிடுங்கள். வயரின் எடை கப்ளரில் தொங்கக்கூடாது. சீலில் கொஞ்சம் சிலிக்கான் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவினால் தண்ணீர் போகாது (ஆக்சிஜன் சென்சார் நீங்கலாக). இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங்கில் வைத்துக்கொண்டு, ஃபேனிலிருந்து கையை விலக்கிப் பிடித்து, கப்ளரையும் ஒட்டையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஐட்லிங் துளிகூட மாறக்கூடாது. மாறினால் பின் சரியாக உட்காரவில்லை. பக்கத்தில் அதே வயதில் இன்னும் நாலு கப்ளர் இருக்கும். அவற்றின் எண்ணையும் இப்போதே குறித்து, கூடுகளை வாங்கி வண்டி டூல் பையில் போட்டு வையுங்கள். அடுத்த லாக் உடையும் நாளில் தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.